துணை விமானி உதவியாளர் இல்லை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் விமானி வேலை பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் கேட்பது ஒன்றுதான்: கேப்டனுக்குப் பக்கத்து சீட்டில் துணை விமானியாக உட்கார என்ன படிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும்? பறந்து ஓய்வு பெற்றபின் இப்போது பிள்ளைகளுக்கு கிரவுண்ட் கிளாஸ் எடுத்துக்கொண்டிருக்கிறவன் என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஏர்லைன்ஸில் ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அதாவது துணை விமானி ஆக வேண்டுமென்றால் ஏரோநாட்டிகல் இன்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்று எங்கள் கணக்கு சார் சொல்கிறார். உண்மையா?
பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்

தேவையில்லை தம்பி. ஏரோநாட்டிகல் படிப்பு விமானத்தை வடிவமைக்கவும் கட்டவும். ஓட்டுவதற்கு டிகிரி கேட்பதில்லை, லைசென்ஸ்தான் கேட்பார்கள். இயற்பியலும் கணிதமும் எடுத்து பிளஸ் டூ பாஸ் செய்திருந்தால் போதும். காமர்ஸ் படித்துவிட்டவர்கள்கூட அந்த இரண்டு பாடத்தை மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அந்த லைசென்ஸின் பெயர் சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ். கொடுப்பது டெல்லியில் இருக்கும் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், எழுத்துத் தேர்வுகள் பாஸ் செய்ய வேண்டும், மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தேர்வில் இருப்பவை விமானச் சட்டவிதிகள், வழிகாணல், வானிலை, பிறகு விமானத் தொழில்நுட்பம் பொதுவாக ஒன்று, நீ ஓட்டும் விமானத்தைப் பற்றித் தனியாக ஒன்று. எல்லாவற்றிலும் 70 மதிப்பெண் எடுத்தால்தான் பாஸ். 35 எடுத்தால் பாஸ் என்று பழகிய பிள்ளைகள் முதல் முறை இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், அதிலும் வழிகாணல் பாடத்தில். ரேடியோவில் பேசுவதற்கு ஆர்டிஆர் என்று தனிச் சான்று வாங்க வேண்டும். முன்பு அது தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது, 2025 ஜனவரியில் புதிய விமானச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் டிஜிசிஏ கைக்கு வந்துவிட்டது.

200 மணி நேரம் என்றால் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய நேரம் மட்டும் இல்லை. அதில் 100 மணி நேரமாவது நீயே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். அதற்குள் குறைந்தது 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி, அதிலும் ஒரு பயணம் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று ஏறியதாக இருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம், பத்து முறை ஏறி இறங்க வேண்டும். இவ்வளவும் பெரும்பாலும் செஸ்னா 172 மாதிரி ஒற்றை இன்ஜின் குட்டி விமானத்தில் நடக்கும். அப்புறம் இரட்டை இன்ஜின் விமானத்தில் பழகி, வெளியே எதுவும் தெரியாத மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வாங்க வேண்டும். அது இல்லாமல் எந்த ஏர்லைன்ஸும் உள்ளே விடாது.

இத்தனைக்குப் பிறகும் ஏர்பஸ் 320 விமானத்தில் உட்கார முடியாது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியாக டைப் ரேட்டிங் உண்டு. சில வாரம் வகுப்பு, அப்புறம் அசல் காக்பிட்டை அப்படியே எடுத்து வைத்தது போன்ற, ஆறு திசையிலும் அசையும் சிமுலேட்டரில் பல அமர்வுகள். ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது ஒரு இன்ஜின் நின்றால், தீப்பிடித்தால், கேபினில் காற்றழுத்தம் போனால் என்ன செய்வது என்று திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். பிறகு பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் ஏறி இறங்கப் பயிற்சி, பிறகு பயணிகளோடு, பயிற்சி கேப்டன் பக்கத்தில் உட்கார. ஆரம்பப் பயணங்களில் பின்னால் மூன்றாவதாக இன்னொரு விமானி பாதுகாப்புக்கு இருப்பார். இதெல்லாம் தாண்டி ஒரு நாள் சாதாரண கேப்டனோடு உன் பெயரைப் பட்டியலில் போடுவார்கள், அன்றைக்குத்தான் நீ ஃபர்ஸ்ட் ஆஃபீசர்.

என் மகனை பைலட் ஆக்க ஒரு ஏஜென்ட் 'எல்லாம் சேர்த்து ஒரு கோடி, வேலை கேரண்டி' என்கிறார். இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. விற்கலாமா?
ஒரு தந்தை, நாமக்கல்

ஐயா, நிலத்தை விற்கும் முடிவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் பையனைக் கூட்டிக்கொண்டு போய் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை, அதில் தேறியதும் தள்ளிப்போடாமல் முதல் வகுப்பு. பெங்களூரில் விமானப்படையின் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் மெடிசின் இருக்கிறது, நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் அங்கேதான் போகிறார்கள். இதயம், காது, கண், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். இதற்கு ஆகும் செலவு நீங்கள் கட்டப்போகும் ஃபீஸுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முப்பது லட்சம் கட்டி முடித்த பிறகு நிறக்குருடு என்று தெரிந்து வீட்டுக்குத் திரும்பிய ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனைச் சேர்த்துக்கொண்ட பள்ளி, முதல் வகுப்புப் பரிசோதனையைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லியே பணத்தை வாங்கியிருந்தது. அந்தக் குடும்பத்தின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது செலவு. சிபிஎல் வரைக்கும் இந்தியாவில் சுமார் 45 முதல் 60 லட்சம். அரசு நடத்தும் இந்திரா காந்தி தேசிய உரான் அகாடமி உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது, நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், அங்கேயே கட்டணம் 45 லட்சம் அளவில் வருகிறது. டைப் ரேட்டிங்குக்கு மேலும் 15 முதல் 20 லட்சம். ஏர்லைன்ஸ்களே நடத்தும் கேடட் திட்டங்களில் தொடக்கத்திலேயே தேர்வு வைத்து எடுத்து, எல்லாப் படிகளையும் ஒரே ஒப்பந்தத்தில் முடிப்பார்கள், அதற்குச் சுமார் ஒரு கோடியும் அதற்கு மேலும் ஆகும். ஆகவே உங்கள் ஏஜென்ட் சொன்ன தொகை பொய் இல்லை. 'கேரண்டி' என்ற சொல்தான் பொய். கேடட் திட்டத்தில்கூட ஒவ்வொரு கட்டத்திலும் தேற வேண்டும், அன்றைக்குக் கம்பெனிக்கு ஆள் தேவைப்பட வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தத் தொழிலில் காற்று எப்போதும் ஒரே திசையில் வீசாது. 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் மணி நேரம் பறந்த அனுபவசாலிகளே வேலை தேடி வரிசையில் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால்தான் 200 மணி நேரப் பிள்ளைகள். மறுபக்கம் 2023-ல் இண்டிகோ ஒரே நாளில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, ஏர் இந்தியா 470 விமானங்களுக்குக் கொடுத்தது. அதே வருடம் டிஜிசிஏ 1,622 சிபிஎல் வழங்கியது. ஆள் தேவை நிஜம். உங்கள் பையன் லைசென்ஸ் வாங்கும் மாதத்தில் அந்தத் தேவை இருக்குமா என்பதற்கு எந்த ஏஜென்ட்டும் ஜாமீன் நிற்க மாட்டார்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், நேரில் போங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காமல் இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். ஆசிரியர் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை மாணவர், போன வருடத்துக்கு முந்தின பேட்ச் 200 மணி நேரத்தை முடிக்க எத்தனை மாதம் ஆனது என்று அங்கே படிக்கும் பிள்ளைகளையே ஓரமாக அழைத்து விசாரியுங்கள். ஒன்றரை வருடத்தில் முடிய வேண்டியது மூன்று வருடம் இழுப்பது நம் நாட்டில் சகஜம், அத்தனை மாதமும் ஹாஸ்டலும் சாப்பாடும் கடன் வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். 2025-ல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்த ஆரம்பித்தது நல்ல காரியம், முதல் பட்டியலில் மேலே உள்ள இரண்டு தரமும் ஒரு பள்ளிக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிலம் பற்றிக் கேட்டீர்கள். அது ஒன்றுதான் சொத்து, பையனுக்கு அடுத்து ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்றால் என் பதில் விற்காதீர்கள் என்பதே.

துணை விமானி என்றால் கேப்டனுக்கு எடுபிடி மாதிரிதானே? விமானத்தை இறக்குவதெல்லாம் கேப்டன்தானே?
தனியார் நிறுவன ஊழியர், சென்னை

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். 'துணை' என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். துணை ஆட்சியர் என்றால் அதிகாரத்தில் ஒரு படி கீழே. வழித்துணை என்றால் அந்த ஆள் இல்லாமல் பயணமே கிடையாது. துணை விமானிக்கு இரண்டாவது பொருள்தான் பொருந்தும்.

நடைமுறையைச் சொல்கிறேன். ஒரு பயணத்தில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் ரேடியோ பேசி, வேகமும் உயரமும் பார்த்து, ஓட்டுகிறவர் செய்வதைக் கண்காணிப்பார். திரும்பி வரும்போது பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள். சென்னையிலிருந்து நீங்கள் மதுரைக்குப் போனபோது இறக்கியது ஃபர்ஸ்ட் ஆஃபீசராகவே இருந்திருக்கலாம். கனமழை, பலமான பக்கக் காற்று, சிக்கலான ஓடுதளம் என்றால் கேப்டன்தான் இறக்குவார். முடிவும் பொறுப்பும் கடைசியில் கேப்டனுடையது. ஆனால் கண்காணிக்கும் வேலை இருக்கிறதே, அது ஓட்டும் வேலைக்கு ஒரு துளியும் குறைந்ததில்லை.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுதளம் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். விமானம் அதிக உயரத்தில் வந்துகொண்டிருந்தது. திரும்ப மேலே ஏறிவிடலாம் என்ற பொருளில் துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று மூன்று முறை சொன்னதாக விசாரணை அறிக்கை சொல்கிறது. எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. கேப்டன் கேட்கவில்லை. பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கி எழுந்த மந்தம் அவருக்கு இருந்திருக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மறுபடி துபாயிலிருந்து, அதே ரக போயிங், அதே மாதிரி மேட்டு நிலத்து ஓடுதளம், கொட்டும் மழை. ஓடுதளத்தில் பாதி தூரம் போன பிறகுதான் விமானம் தரையைத் தொட்டது. இங்கேயும் துணை விமானி கோ அரவுண்ட் என்றார். இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். இந்த அறிக்கை ஒரு படி மேலே போயிற்று. கேப்டன் கேட்காதபோது கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து விமானத்தை மேலே ஏற்றாதது துணை விமானியின் தவறு என்று, விபத்துக்கான காரணங்களில் ஒன்றாகவே எழுதிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். வலது சீட்டில் இருக்கும் துணை விமானி வயதில் சின்னவர், இடது சீட்டில் இருக்கும் கேப்டனுக்குப் பல ஆயிரம் மணி நேர அனுபவம். பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளையிடம், சில விநாடிக்குள் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லி அவர் கையிலிருந்து விமானத்தை வாங்கு என்று சட்டம் எதிர்பார்க்கிறது. அது புத்தகம் படித்து வராது. சிமுலேட்டரில் பயிற்சியாளர் இடது சீட்டில் உட்கார்ந்து, இறங்கும் நேரத்தில் திடீரென்று பேசாமல் இருந்துவிடுவார். இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் அடுத்த நொடி இவன் எடுத்துக்கொள்ள வேண்டும். என் மாணவர்கள் பலர் முதல் முறை மூன்றாவது தடவையும் 'சார்?' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், மரியாதைதான் நாக்கைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் இவ்வளவு பயிற்சி, இவ்வளவு லைசென்ஸ்.

அமெரிக்காவில் துணை விமானிக்கே 1,500 மணி நேரம் கேட்கிறார்களாமே, நாம் 200-லேயே உட்கார வைக்கிறோம். பயமாக இல்லையா?
ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்

நியாயமான கேள்வி. 2009 பிப்ரவரி 12-ம் தேதி நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் இறங்கப்போகும் நேரத்தில் வேகம் குறைந்து விழுந்தது, தரையில் ஒருவர் உட்பட 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைகிறது என்று கருவி எச்சரித்தபோது மூக்கைக் கீழே தள்ள வேண்டிய கேப்டன் மேலே இழுத்தார். துணை விமானி இரவெல்லாம் பயணம் செய்து, சளியோடு வேலைக்கு வந்திருந்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதில் 2010-ல் சட்டம் வந்தது, 2013 முதல் துணை விமானிக்கும் ஏர்லைன் லைசென்ஸ், அதற்கு 1,500 மணி நேரம் என்றானது. ராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750, விமானத் துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 என்று சலுகை உண்டு.

ஆனால் அந்த விமானத்தில் இருந்த இருவருமே 1,500-க்கு மேல் பறந்தவர்கள். கேப்டன் 3,300-க்கு மேல், துணை விமானி 2,200-க்கு மேல். அவர்களுக்குக் குறைவாக இருந்தது பயிற்சியும் ஓய்வும். அமெரிக்கப் பிள்ளைகள் 1,500-ஐச் சேர்க்க ஒன்றிரண்டு வருடம் குட்டி விமானத்தில் ஆசிரியராக வேலை பார்க்கிறார்கள். அதில் நிதானம் வரும், தன்னந்தனியாக முடிவெடுக்கும் தைரியம் வரும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெட்டில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் அதில் வராது. ஐரோப்பாவும் நம்மைப் போல 200 மணி நேர அளவில்தான் எடுக்கிறது. என்னைக் கேட்டால் மணிக் கணக்கைக் கூட்டுவதைவிட, அந்த 200 மணி நேரம் நிஜமாகப் பறந்ததா என்று பார்ப்பது நமக்கு முக்கியம். 2011-ல் போலி மதிப்பெண் தாள் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விமானிகள் பிடிபட்டது இந்த நாட்டில்தான். லாக் புக்கில் பறக்காத மணியை எழுதுகிறவன் ஏமாற்றுவது டிஜிசிஏவை இல்லை, பின்னால் உட்கார்ந்திருக்கும் 180 பேரை.

கண்ணாடி போட்டிருக்கிறேன். ஆகுமா?
கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

ஆகும். கண்ணாடி போட்டு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்த்து 6/6 தெரிந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு கண்ணாடி பையில் இருக்க வேண்டும். நிறம் பிரித்தறிவதுதான் தனிப் பரிசோதனை, அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவள். எங்கள் தெருவில் 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது' என்கிறார்கள். ஆங்கிலமும் பயமுறுத்துகிறது.
மாணவி, திருநெல்வேலி

தெரு சொல்வதற்கு ஒரு கணக்கைப் பதிலாகச் சொல்லம்மா. உலகத்தில் விமானிகளில் பெண்கள் சுமார் 5 சதவீதம், இந்தியாவில் சுமார் 15 சதவீதம். இந்த விஷயத்தில் நாம்தான் முன்னால் நிற்கிறோம். பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசுப் பறத்தல் பள்ளியிலிருந்து 1949-ல் முதலில் தேறி வந்ததே உஷா சுந்தரம் என்ற பெண்தான். 1985-ல் கேப்டன் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் சேர்ந்து, பெண்கள் மட்டுமே இருந்த குழுவாக ஃபாக்கர் விமானத்தை ஓட்டிப் போனார்கள்.

ஆங்கிலம் பற்றிய பயம் நியாயமானது, ஏனென்றால் தேர்வும் ரேடியோவும் ஆங்கிலத்தில்தான். ஆனால் கேட்பது மேடைப் பேச்சு இல்லை. உலக அளவில் ஆறு நிலைகள் வைத்திருக்கிறார்கள், நான்காம் நிலை வந்தால் பறக்கலாம், மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபடி எழுத வேண்டும், ஆறாம் நிலை வாங்கியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. உச்சரிப்பில் நம் ஊர் வாடை இருந்தால் குற்றமில்லை, கேட்கிறவருக்குப் புரிய வேண்டும், அவர் சொன்னது உனக்குப் புரிய வேண்டும், புரியாவிட்டால் 'சே அகெய்ன்' என்று கூசாமல் கேட்க வேண்டும். இயற்பியல் புத்தகத்தை மட்டும் இப்போதிருந்தே ஆங்கிலத்திலும் சேர்த்துப் படி. தமிழில் புரிந்துகொண்ட பாடம் எந்த மொழியில் கேட்டாலும் நிற்கும்.

வேலை கிடைத்தபின் பரீட்சை முடிந்ததா? கேப்டன் ஆக எத்தனை வருடம்?
பயிற்சி மாணவரின் அக்கா, புதுச்சேரி

முடியாதும்மா. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் சோதனை, தேறாவிட்டால் மறுபயிற்சி முடியும்வரை பறக்க முடியாது. வருடத்துக்கு ஒரு முறை மருத்துவம். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் ஊதிக் காட்ட வேண்டும், ஆல்கஹால் துளியும் இருக்கக்கூடாது, முதல் முறை பிடிபட்டாலே மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். அதனால் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைக்கூட உங்கள் தம்பியை இப்போதே விடச் சொல்லுங்கள். ஓய்வு விதியும் கடுமையாகிவிட்டது, வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகியிருக்கிறது. விமானிகள் பல வருடம் கேட்டு வாங்கியது அது.

கேப்டன் ஆக ஏடிபிஎல் என்ற அடுத்த லைசென்ஸ் வேண்டும், 21 வயதும் 1,500 மணி நேரமும் அதற்குத் தேவை. வருடத்துக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம்தான் பறக்கலாம், எழுநூறு எண்ணூறு என்று பறந்தால் இரண்டு வருடத்தில் அந்த எண் வந்துவிடும். ஆனால் கம்பெனிகள் அதற்கு மேல்தான் கேட்கும், காலி இடமும் இருக்க வேண்டும், நாலைந்து வருடம் என்பது வேகமான கணக்கு. தம்பி இன்னும் ஆசிரியர் இல்லாமல் தனியாக, சோலோவே பறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது கேப்டன் கணக்கைப் போட்டு அவனை அவசரப்படுத்தாதீர்கள். இந்த மாதம் வானிலைப் பாடத்தில் 70 வாங்கினானா என்று மட்டும் கேளுங்கள்.